முன் சக்கரமும் ஓர் அங்குலமும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

தோழியரே! ஒரு மோட்டார் கார் நம் முன்னே வந்து நின்றால் நாம் எதைப் பார்க்கிறோம்? வண்ணத்தைப் பார்க்கிறோம்; விளக்குகளைப் பார்க்கிறோம்; உள்ளே இருக்கை மெத்தென்று இருக்கிறதா என்று எட்டிப் பார்க்கிறோம். ஆயிரம் கிலோவுக்கும் மேற்பட்ட அந்த எடை முழுவதும், ஏறக்குறைய நம் உள்ளங்கை அளவே உள்ள நான்கு ரப்பர்த் துண்டுகளின் மேல் நிற்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. டயர் முழுவதும் தரையைத் தொடுவதில்லை. அடியில் தட்டையாகப் படியும் அந்தச் சிறு பகுதி மட்டுமே தொடுகிறது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும், பிரேக்கை மிதித்தாலும், அந்த நான்கு உள்ளங்கைகளின் பிடிப்பை நம்பித்தான் வண்டி கீழ்ப்படிகிறது.

அந்த உள்ளங்கை தரையில் ஒட்டிக்கொண்டு இருக்கும்வரை தொல்லையில்லை. வளைவில் வண்டி சாயும்போதும், பள்ளத்தில் இறங்கும்போதும், அது ஓரத்தில் எழும்பிவிடாமல் பார்த்துக்கொள்வது யார்? சஸ்பென்ஷன் என்று நாம் கேள்விப்படும் அமைப்புதான். அதிலும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கைகள் வண்டியின் உடலோடு எந்த இடத்தில் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன என்பதே பெரிய விஷயம். அந்த இடத்தை ஓர் அங்குலம் மாற்றினால் என்ன நேரும் என்பதை விளக்கவே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

ஓசூரில் வாழும் நமக்கு இது தொலைவான விஷயம் அன்று. தமிழக அரசு 1971-ஆம் ஆண்டு தொடங்கிய சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டை அமைத்தது. 1980-இல் அசோக் லேலண்ட் லாரித் தொழிற்சாலை வந்தது. டி.வி.எஸ். 50 மொபெட்டும் அதே ஆண்டில் இங்கிருந்துதான் புறப்பட்டது. இவற்றைச் சுற்றி நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் எழுந்தன. நம் வகுப்பில் பாதிப் பேரின் தந்தையர் ஏதோ ஒரு வண்டியின் ஏதோ ஓர் உறுப்பைச் செய்பவர்களே. என் தந்தையும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் லேத் வேலை செய்கிறார். "பெண் பிள்ளைக்கு இந்த இரும்புச் சமாசாரம் எதற்கு?" என்று என் பாட்டி கேட்டார். காலை ஷிப்டுக்குத் தொழிற்சாலைப் பேருந்தில் போகும் நம் ஊர் அக்காமார்களைக் கண்டவர்கள் இக்கேள்வியைக் கேட்கமாட்டார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருவோம். என் தாய்மாமன் சென்ற ஆண்டு 1989-ஆம் ஆண்டு கான்டெஸா கார் ஒன்றை வாங்கினார். கான்டெஸாவைப் பார்த்திராத தோழியருக்காகச் சொல்கிறேன்: அம்பாஸடரைச் செய்த அதே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், மேற்கு வங்காளத்து உத்தர்பாரா தொழிற்சாலையில், 1984 முதல் 2002 வரை செய்த நீண்ட பெரிய கார் அது. இங்கிலாந்து நாட்டு வாக்ஸ்ஹால் நிறுவனத்தின் 1970-களைச் சேர்ந்த கார் ஒன்றின் உருவமே அதன் உருவம். முதலில் அதற்கு 1.5 லிட்டர் எஞ்சின். அந்தப் பெரிய உடலுக்கு அது போதவில்லை. பின்னர் ஜப்பானின் இசுஸு நிறுவனத்து 1.8 லிட்டர் எஞ்சின் வந்தபிறகே அதற்கு உயிர் வந்தது எனலாம். நீண்ட மூக்கும் பின்சக்கர இழுப்பும் இருப்பதால் 'இந்தியாவின் மஸில் கார்' என்று இன்றும் பலர் அதைச் செல்லமாக அழைக்கிறார்கள்.

மாமா அந்தப் பட்டப்பெயரை மெய்யென்றே எடுத்துக்கொண்டார். அமெரிக்காவில் மஸ்டாங் காருக்குச் செய்ததுபோல் தம் காருக்கும் முன்பக்க மேல்கைகளை ஓர் அங்குலம் கீழே இறக்கிப் பூட்டவேண்டும் என்று ஒரே பிடிவாதம். "துளை போட்டுக் கொடுங்க மாமா, ஒரு மணி நேர வேலைதானே?" என்று என் தந்தையிடம் வந்து நின்றார். "துளை போடறது ஒரு மணி நேரம்தான் மாப்பிள்ளை, அது எங்கே போடணும்னு தெரிஞ்சுக்க எத்தனை நாள் ஆகும்?" என்றார் அப்பா. அந்தக் கேள்விக்கு விடை தேடியதில்தான் எனக்கு இத்தனையும் தெரியவந்தது.

மஸ்டாங் என்பது ஃபோர்டு நிறுவனம் 1964 ஏப்ரல் 17 அன்று அறிமுகப்படுத்திய கார். ஃபால்கன் என்னும் சாதாரணக் குடும்பக் காரின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே அழகிய உடலைப் பொருத்திச் செய்தார்கள். அதற்கு லாரிபோல் தனியே சட்டம் கிடையாது. தகட்டு உடலே எலும்புக்கூடு. எஞ்சினின் இருபுறமும் தகட்டால் ஆன இரண்டு கோபுரங்கள் நிற்கும். இவற்றை ஷாக் டவர் என்பார்கள். சக்கரத்தின் மேல்கை அந்தக் கோபுரத்தின் பக்கவாட்டில் இரண்டு போல்டுகளால் பூட்டப்பட்டிருக்கும். சுருள்வில்லோ மேல்கையின் மீது உட்கார்ந்து, கோபுரத்தின் உச்சியை முட்டிக்கொண்டிருக்கும். ஆகவே சாலையின் அடி அனைத்தும் அந்தக் கோபுரங்களுக்கே போகிறது.

குடும்பக் காருக்கு இது போதும். பந்தயத்துக்குப் போதுமா? ஃபோர்டு நிறுவனத்தார் கரோல் ஷெல்பி என்பவரை நாடினார்கள். டெக்ஸஸ் மாநிலத்துக்காரர், ஒரு காலத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர், 1959-இல் பிரான்ஸ் நாட்டு லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். அவரது பட்டறையில் 1965-இல் உருவானதே ஷெல்பி ஜி.டி.350. எஞ்சினின் ஆற்றல் 271-இலிருந்து 306 குதிரைத்திறனாக உயர்ந்ததையே எல்லாரும் பேசுவார்கள். எனக்கென்னவோ அதைவிட வியப்பாகத் தோன்றியது வேறொன்று. முன்பக்க மேல்கையைப் பூட்டும் துளைகளை அவர்கள் 1 அங்குலம் கீழே இறக்கினார்கள். கூடவே அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு பின்னே தள்ளினார்கள். இதைக் கணக்கிட்டுச் சொன்னவர் ஃபோர்டின் சஸ்பென்ஷன் பொறியாளர் கிளாஸ் ஆர்னிங். புதிய எஞ்சினும் இல்லை, புதிய உறுப்பும் இல்லை. பழைய கை, பழைய போல்ட், இடம் மட்டுமே புதிது.

இதனால் என்ன பயன்? ஓர் அட்டை, நான்கு குண்டூசிகள், ஓர் ஈர்க்குச்சி இருந்தால் நீங்களே கண்டுகொள்ளலாம். பெரிய அட்டையை வண்டியின் உடலாக வைத்துக்கொள்ளுங்கள். 6 சென்டிமீட்டர் நீள அட்டைப் பட்டை மேல்கை. 9 சென்டிமீட்டர் பட்டை கீழ்கை. இரண்டின் வெளிமுனைகளையும் 8 சென்டிமீட்டர் நீளமுள்ள செங்குத்துப் பட்டையால் இணையுங்கள்; அதுவே சக்கரத்தைத் தாங்கும் நக்கிள். அதன்மேல் 40 சென்டிமீட்டர் ஈர்க்குச்சி ஒன்றை, அடிமுனை கீழ்க் குண்டூசியருகே இருக்குமாறு நேர்நிமிர்வாக ஒட்டிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு சாய்வையும் அதன் நுனி பெரிதாக்கிக் காட்டும்.

இப்போது கைகளின் உள்முனைகளை அட்டையில் குத்துவோம். கீழ்கை தரைமட்டமாக இருக்கட்டும். மேல்கையின் உள்முனை, அதன் வெளிமுனையைவிட 1 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். ஏறக்குறைய இதுவே தொழிற்சாலையிலிருந்து வந்த மஸ்டாங்கின் நிலை. நக்கிளை 1 சென்டிமீட்டர் மேலே தள்ளுங்கள். வளைவில் வண்டி சாயும்போது வெளிப்பக்கச் சக்கரம் உடலைப் பார்க்க மேலேறுவதும் இதுவும் ஒன்றே.

நம் பிதாகரஸ் தேற்றம் இங்கே வந்து நிற்கிறது! தொடக்கத்தில் மேல்கை எட்டிய கிடைத்தூரம், 36-இலிருந்து 1-ஐக் கழித்து வரும் 35-இன் வர்க்கமூலம், அதாவது 5.92 சென்டிமீட்டர். மேலேறியபின் கை தரைமட்டமாகிவிடுவதால் முழு 6 சென்டிமீட்டர். ஆக மேல்முனை 0.8 மில்லிமீட்டர் வெளியே போயிற்று. கீழ்கையோ 9 சென்டிமீட்டரிலிருந்து 8.94 ஆகச் சுருங்கி, 0.6 மில்லிமீட்டர் உள்ளே வந்தது. இரண்டும் சேர்ந்து 1.4 மில்லிமீட்டர், ஈர்க்குச்சியின் நுனி 7 மில்லிமீட்டர் வெளியே சாயும். வண்டியின் உடல் ஏற்கெனவே வெளிப்பக்கம் சாய்ந்திருக்கிறது. சக்கரமும் சேர்ந்து வெளியே சாய்கிறது. டயர் தன் வெளியோரத்தில் நிற்கிறது. அந்த உள்ளங்கை ஒரு விரலாகச் சுருங்கிவிட்டது.

அடுத்து, மேல்கையின் உள்முனையை மட்டும் 1 சென்டிமீட்டர் கீழே குத்திவிட்டு அதையே செய்யுங்கள். இம்முறை மேல்கையும் தரைமட்டத்திலிருந்து மேலேறுவதால் 0.8 மில்லிமீட்டர் உள்ளே வருகிறது. கீழ்கை வந்தது 0.6 தான். ஈர்க்கு நுனி சற்றே உள்ளே சாய்வதைக் காண்பீர்கள். உடல் வெளியே சாய, சக்கரம் தலையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. டயர் தரையில் முன்னைவிட நன்றாகப் படிகிறது. சக்கரத்தின் இந்தச் சாய்வுக்குப் பெயர் கேம்பர். பட்டறைகளில் அலைன்மென்ட் பார்க்கும்போது இச்சொல் காதில் விழும்.

விஞ்ஞான சிஸ்டர் இந்த அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் கீழே இறக்கினால் இன்னும் நல்லதா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. மேல்கையும் நக்கிளும் சந்திக்கும் இடத்தில் பால் ஜாயின்ட் என்ற மூட்டு இருக்கிறது. நம் முழங்கைக்கு எல்லை இருப்பதுபோல் அதற்கும் எல்லை உண்டு. மஸ்டாங்கில் ஓர் அங்குலத்தைத் தாண்டி மேலும் இறக்கினால் மூட்டு தன் கிண்ணத்தின் ஓரத்தில் இடித்துக்கொள்ளும். அதற்குத் தனியே ஆப்புத் தகடு வைத்துக் கோணத்தைச் சரிசெய்யவேண்டும். மேலும், சுருள்வில் மேல்கையின் மீது உட்கார்ந்திருப்பதால், கை இறங்கும்போது வண்டியின் மூக்கும் சற்றுத் தாழும். ஆகவே அலைன்மென்ட் முழுவதும் புதிதாகப் பார்க்கவேண்டும். ஷெல்பியின் ஆட்களே 1966-ஆம் ஆண்டு வண்டிகளில், தொடக்கத்தில் செய்த சிலவற்றுக்குப் பிறகு, செலவைக் குறைக்க இந்த இறக்கத்தைக் கைவிட்டார்கள்.

இதோடு இன்னொன்றும் சொல்லவேண்டும். மூலையில் குத்துப்படும் அந்தத் தகட்டுக் கோபுரங்கள் நாளடைவில் எஞ்சினை நோக்கி உள்ளே சாய முயலும். கோபுரம் சாய்ந்தால் துளையும் சாயும். எவ்வளவு நுணுக்கமாகத் துளையிட்டும் பயனில்லை. சாதாரண மஸ்டாங்கில் கோபுரங்களை எஞ்சின் அறையின் பின்சுவரோடு பிணைக்க இரண்டு தனித்தனித் தாங்கிகள் இருந்தன. வெளிநாடுகளுக்கு அனுப்பிய வண்டிகளிலோ இரண்டையும் ஒன்றாக்கிய உறுதியான ஒரே தாங்கியைப் போட்டார்கள். மற்ற நாடுகளின் மேடுபள்ளச் சாலைகளை அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். அதன் பெயரே 'எக்ஸ்போர்ட் பிரேஸ்'. அதையே ஷெல்பி பந்தயக் காருக்கும் எடுத்துக்கொண்டு, இரு கோபுரங்களுக்கும் குறுக்கே ஒரு கம்பியையும் சேர்த்தார். கரடுமுரடான சாலைக்குச் செய்தது பந்தயத்துக்கும் உதவிற்று என்பதைப் படித்தபோது, நம் பேரிகைச் சாலையை நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது.

சரி, மாமாவின் கான்டெஸாவுக்கு வருவோம். அதில் ஷாக் டவர் கிடையாது. மேல்கை, கீழ்கை, சுருள்வில் எல்லாம் எஞ்சினுக்கு அடியில் குறுக்கே போகும் கனத்த இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தவை. ஆகவே 'மஸ்டாங்கின் ஓர் அங்குலம்' என்று இங்கே ஒன்று இல்லவே இல்லை. அது அந்த வண்டியின் கைநீளத்துக்கும், அந்த வண்டியின் மூட்டுக்கும் கணக்கிட்ட அங்குலம். இருந்தாலும் மாமாவின் ஆறுதலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அளந்து பார்த்தோம்.

சமதரையில் வண்டியை நிறுத்தி, கொத்தனாரின் தூக்குக்குண்டை முன்சக்கரத்தருகே தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல் விளிம்புக்கும் உள்ள தூரத்தையும், கீழ் விளிம்புக்கு உள்ள தூரத்தையும் அளந்தேன். மேல் விளிம்பு 11 மில்லிமீட்டர் உள்ளே இருந்தது. ஏறக்குறைய 2 பாகை. வண்டி அசையாமல் நிற்கும்போதே சக்கரம் இவ்வளவு உள்ளே சாய்ந்திருந்தது! டயரைத் தடவிப் பார்த்தால் வெளியோரம் புதிது, உள்ளோரம் வழவழப்பு. அப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். வண்டி தாழ்ந்து தெரிந்தால் அழகு என்று, மாமா வாங்குமுன்னரே எங்கோ ஒரு பட்டறையில் முன்பக்கச் சுருள்வில்லை ஒன்றரைச் சுற்று வெட்டியிருக்கிறார்கள்.

உடல் தாழ்ந்ததால் கைகளின் உள்முனைகளும் சக்கரத்தைப் பார்க்கத் தாழ்ந்துவிட்டன. கீழ்கையைவிட மேல்கை குட்டையாதலால் அது விரைவாக உள்ளே இழுத்துக்கொண்டது. அதாவது, மாமா எதைச் செய்ய ஆசைப்பட்டாரோ, அந்தத் திசையிலேயே வண்டி தேவைக்கு மேல் போய்விட்டிருந்தது! இன்னும் ஓர் அங்குலம் இறக்கினால் டயர் உள்ளோரத்திலேயே ஓடும். நேர்ச்சாலையில் பிரேக் போடும்போது பிடிப்பு குறையும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிவரும் சாலையில், கிரானைட் கல் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே, அந்தக் காரில் மாமாவோடு என் அத்தையும் இரண்டு சிறு பிள்ளைகளும் வருகிறார்கள்.

வில்லை வெட்டியதில் இன்னொரு கேடும் உண்டு. சுருள்வில்லில் சுற்றுகள் குறையக் குறைய அது விறைப்பாகும். 8 சுற்று உள்ள வில்லில் ஒன்றரையை வெட்டினால் மிச்சம் ஆறரை. 8-ஐ 6.5-ஆல் வகுத்தால் 1.23, அதாவது விறைப்பு 23 விழுக்காடு கூடும். வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடி நேரே உடலுக்குப் போகும். வெட்டிய முனை தன் கிண்ணத்தில் சரியாக உட்காருவதும் இல்லை.

சட்டமும் இதில் குறுக்கே நிற்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரி 9 அன்று இதை உறுதிசெய்தது. மாமாவுக்கு இது பெரிதாகப் படவில்லை. "யாரு கண்ணு கீழே குனிஞ்சு பார்க்கப் போறாங்க?" என்றார். அவரை அசைத்தது 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட வேறொரு விதி. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் 'பழம்பெரும் வாகனம்' என்று தனியே பதிவுசெய்துகொள்ளலாம். ஆனால் சட்டத்திலோ, உடலிலோ, எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. இந்தக் கான்டெஸாவுக்கு அந்த ஆண்டு 2039. நான் கணக்குச் சொன்னதும் மாமா தம் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்துக்கொண்டார்.

முடிவில் செய்தது இதுதான். பெங்களூரு சிவாஜிநகரின் பழைய உதிரிபாகக் கடைகளில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்து, வெட்டப்படாத சுருள்வில் ஒரு ஜோடியை மாமா வாங்கிவந்தார். கைகளின் உள்முனையில் இருந்த ரப்பர் புஷ்கள் பொடிப்பொடியாகிக் கிடந்தன, அவற்றையும் மாற்றினார்கள். கடினமான நைலான் புஷ் போட்டால் வண்டி இன்னும் விறைப்பாக நிற்கும் என்றார் மாமா. ரப்பர் வாங்கிக்கொள்ளும் அடியை நைலான் வாங்காது, அது இரும்புக்குப் போகும் என்று அப்பா மறுத்துவிட்டார். புஷ் போல்டுகளை அவர் உடனே முறுக்கவில்லை. ஜாக்கியை இறக்கி, வண்டி தன் எடையோடு நான்கு சக்கரத்தில் நின்றபிறகே படுத்துக்கொண்டு முறுக்கினார். சக்கரம் தொங்கும் நிலையில் முறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் திருகிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியுமாம். இதை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

பின்பு அலைன்மென்ட் பார்த்துவிட்டு வந்து மீண்டும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். 11 மில்லிமீட்டர் இருந்த இடத்தில் இப்போது 2. முன்னிரு டயர்களும் புதியவை. மாதத்துக்கு ஒருமுறை அவற்றின் உள்ளோரத்தையும் வெளியோரத்தையும் ஓர் ஊசியால் ஆழம் அளந்து குறித்துவருகிறேன். மூன்று மாதமாக இரண்டும் சமமாகத் தேய்கின்றன. உங்கள் வீட்டில் கார் இருந்தால் முன்டயரின் குறுக்கே உள்ளங்கையை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஓர் ஓரம் மட்டும் வழவழவென்று இருந்தால் அப்பாவிடம் சொல்லுங்கள்.